77,321 எண்கள்

லைவ் கோடிங் கச்சேரியில் மேடையில் இருப்பவரிடம் பெரும்பாலும் ஒரு மடிக்கணினி மட்டுமே இருக்கும். அவர் நிரலைத் திருத்தத் திருத்த இசை மாறும். அடித்து எழுதும் ஒவ்வொரு வரியும் பின்னாலிருக்கும் திரையில் எல்லாருக்கும் தெரியும். 2004-இல் ஹாம்பர்க் நகரில் கூடிய சிலர் டாப்லாப் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். திரையை மறைத்துக்கொண்டு வாசிக்கக் கூடாது என்பதை அவர்கள் கொள்கையாகவே வைத்துக்கொண்டார்கள். 2012-இல் லண்டனில் அல்கோரேவ் என்ற பெயரில் நடன இரவுகளும் ஆரம்பமாகின. நிரலுக்கு ஆடும் கூட்டம் என்பது இன்று ஐரோப்பிய நகரங்களில் வியப்பான சங்கதி அல்ல.

இந்தக் கலையைக் கற்கத் தொடங்குபவர் முதல் மணி நேரத்திலேயே ஒரு கணக்கில் போய் முட்டிக்கொள்வார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் சாம் ஆரன் 2012-இல் பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய மென்பொருள் சோனிக் பை. ராஸ்பெர்ரி பை என்ற மலிவுக் கணினியில் ஓடுவதற்காக எழுதப்பட்டது. அதனுள்ளேயே பதிவு செய்த ஒலித்துண்டுகள் பல இருக்கின்றன. சாம்பிள் என்பார்கள். அவற்றில் எல்லாரும் முதலில் எடுப்பது ‘லூப் ஆமென்’ என்ற டிரம் துண்டு. அதை ஒலிக்கவிட்டு, ‘இரண்டு நொடி காத்திரு’ என்று எழுதி, இந்த இரண்டு வரிகளையும் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் தாளம் நொண்டும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கால் நொடி ஓட்டை விழும். ‘ஒரு நொடி காத்திரு’ என்று மாற்றினால் முதல் சுற்று முடியும் முன்பே அடுத்தது அதன்மேல் ஏறிக்கொள்ளும். அந்தத் துண்டின் நீளம் இரண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. 1.7533 நொடி.

சோனிக் பையின் ‘சாம்பிள்’ கட்டளை ஒலியைத் தொடங்கிவைத்துவிட்டு உடனே நகர்ந்துவிடும். அது முடியும்வரை நிற்காது. நேரத்தை நகர்த்துவது ‘ஸ்லீப்’ கட்டளை மட்டுமே. ஒலியின் நீளமும் காத்திருப்பின் நீளமும் ஒன்றையொன்று அறியாத இரண்டு எண்கள். அவற்றைப் பொருத்தி வைப்பது எழுதுபவர் பொறுப்பு. மென்பொருளே அளந்து சொல்லும் வசதியும் உண்டு. ‘சாம்பிள் டியூரேஷன்’ என்று கேட்டால் 1.753310657596372 என்று பதில் வரும். பதினைந்து தசம இடங்கள்! இவ்வளவு துல்லியமாக ஒரு மனிதர் டிரம் அடிக்க முடியுமா என்று கேட்கலாம். முடியாது. அந்தத் துல்லியம் டிரம்மருடையது அல்ல, வெட்டியவருடையது.

அடித்தவர் கிரெகரி கோல்மன். அமெரிக்க சோல் இசைக்குழுவான தி வின்ஸ்டன்ஸ் 1969-இல் வெளியிட்ட ‘ஆமென், பிரதர்’ என்ற பாடலின் நடுவில் மற்ற வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்ள, சுமார் ஏழு நொடிகள் அவர் தனியாக வாசிக்கிறார். நான்கு பார்கள். அந்த ஏழு நொடிதான் பிற்பாடு ஹிப் ஹாப்புக்கும் ஜங்கிளுக்கும் டிரம் அண்ட் பேஸுக்கும் முதுகெலும்பானது. அதிலிருந்து உரிமைத்தொகை என்று ஒரு காசும் பார்க்காமலே கோல்மன் 2006-இல் இறந்தார். சோனிக் பையில் இருப்பது அந்த வாசிப்பிலிருந்து எடுத்த ஒரே ஒரு பார், நான்கு பீட்.

1.7533 என்று எங்கிருந்து வந்தது? கோப்பைத் திறந்தால் உள்ளே நொடி என்று எதுவும் எழுதியிருக்காது. இருப்பது எண்களின் வரிசை. காற்றழுத்தத்தை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து குறித்த எண்கள். லூப் ஆமெனில் அப்படி 77,321 எண்கள் இருக்கின்றன. 77,321-ஐ 44,100-ஆல் வகுத்தால் மேலே சொன்ன அந்த நீண்ட தசமம் அப்படியே கிடைக்கும். கோப்புக்குச் சொந்தமான நீளம் அந்த எண்ணிக்கை ஒன்றுதான். அது எத்தனை நொடி, எத்தனை பீட், எந்தச் சுருதி என்பதெல்லாம் ஒலிக்கவைக்கும்போது நாம் எடுக்கும் முடிவுகள். லைவ் கோடிங்கில் நீளம் பற்றி வரும் குழப்பங்களில் பாதி, இந்த முடிவுகளைக் கோப்பின் குணம் என்று நினைத்துக்கொள்வதால் வருபவை.

44,100 என்ற எண்ணும் அப்படி ஒரு முடிவுதான், கொஞ்சம் வேடிக்கையான முடிவு. மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதைப் பிடிக்க அதைப்போல் இருமடங்குக்கு மேல் அளக்க வேண்டும். ஆக 40,000-க்கு மேல் ஏதாவது ஒரு எண் போதும். 1970-களின் கடைசியில் இவ்வளவு தரவைக் கொள்ளக்கூடியதாகக் கையில் இருந்தது வீடியோ டேப். ஒலியின் எண்களைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கி டிவி படம் போல அதில் பதிந்தார்கள். ஒரு வரிக்கு மூன்று எண்கள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் பயன்படக்கூடிய வரிகள் 245, நொடிக்கு 60 முறை: 245 × 60 × 3 = 44,100. ஐரோப்பிய முறையில் 294 × 50 × 3. அதுவும் 44,100. இரண்டு உலகத்துக்கும் பொதுவாக அமைந்த இந்த எண்ணை 1982-இல் வந்த சிடி வாங்கிக்கொண்டது. தொலைக்காட்சிப் பெட்டியின் வரிக்கணக்கு இன்னும் நம் பாட்டுகளுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

சரி, 1.7533-ஐ 1.75 என்று சுருக்கி எழுதினால் என்ன கெட்டுவிடும்? ஒரே ஒரு லூப் ஓடும்போது ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று மில்லிநொடி மேல்விழும், காது கண்டுகொள்ளாது. ஆனால் இரண்டு லூப்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடினால் கதை வேறு. ஒன்று சாம்பிளின் முழு நீளத்துக்கும் காத்திருக்கிறது. இன்னொன்று, கிக் டிரம் என்று வையுங்கள், 1.75 நொடியில் திரும்புகிறது. வித்தியாசம் சுற்றுக்கு 3.3 மில்லிநொடி. பத்துச் சுற்றில் 33 மில்லிநொடி: இரண்டு அடிகளும் ஒட்டாமல் ‘தட்-தட்’ என்று பிரிந்து கேட்கத் தொடங்கும். 33 சுற்றில் ஒரு பாரில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஒரு முழு அடி, முன்னே போய்விடும். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

இதையே கலையாக்கியவரும் உண்டு. அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் 1965-இல் ஒரு தெருப் பிரசங்கியின் குரலை இரண்டு டேப் லூப்களாக இரண்டு கருவிகளில் ஓடவிட்டார். கருவிகளின் வேகத்தில் மயிரிழை வேறுபாடு. குரல்கள் மெல்ல மெல்ல விலகின. அந்த விலகலே ‘இட்ஸ் கோனா ரெய்ன்’ என்ற படைப்பாயிற்று. ரைஷுக்கு வேண்டியிருந்தது விலகல். நடன அரங்கில் நிற்பவருக்கு அது வேண்டாம்.

இங்கே கணினியின் சொந்தக் கோளாறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சாதாரண நிரலில் ‘1.75 நொடி தூங்கு’ என்றால் கணினி குறைந்தது அவ்வளவு தூங்கும். எழுந்து மற்ற வரிகளைச் செய்து முடிக்க இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும். அந்தக் கொஞ்சம் ஒவ்வொரு சுற்றிலும் கூடிக்கொண்டே போகும். ஆரனும் டொமினிக் ஆர்ச்சர்டும் ஆலன் பிளாக்வெல்லும் 2014-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்தச் சிக்கலைப் பற்றியதுதான். அவர்கள் தீர்வில் நிரலுக்கென்று தனியாக ஒரு கற்பனைக் கடிகாரம் ஓடுகிறது. ‘ஸ்லீப்’ அந்தக் கடிகாரத்தை மட்டும் துல்லியமாக நகர்த்தும். வேலை செய்ய ஆன நேரத்தை உண்மையான தூக்கத்திலிருந்து கழித்துக்கொள்ளும். ஒலிகள் எல்லாம் ‘இந்த நேரத்தில் ஒலி’ என்ற குறிப்போடு அரை நொடி முன்கூட்டியே ஒலி எந்திரத்துக்குப் போய்விடும். நீங்கள் சரியான நீளத்தைக் கொடுத்தால் மென்பொருள் அதைக் காப்பாற்றும். தவறான நீளத்தையும் அதே விசுவாசத்தோடு காப்பாற்றும்.

நீளத்துக்குத் தக்கபடி பாட்டை அமைப்பது ஒரு வழி. பாட்டுக்குத் தக்கபடி நீளத்தை மாற்றுவது இன்னொன்று. இரண்டாவதுக்குள் நுழைந்தால் இயற்பியல் வந்து நிற்கும்.

ஆமென் பார் சரியாக இரண்டு நொடியில் முடிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 77,321 எண்களையும் மெதுவாக வாசித்தால் போதும், வேகம் 0.8767. சோனிக் பையில் ‘பீட் ஸ்ட்ரெட்ச்’ என்று இரண்டைக் கொடுத்தால் இந்தக் கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும். ஆனால் மெதுவாக வாசிக்கும்போது அலைகளும் அகலமாகின்றன. அகலமான அலை தாழ்ந்த சுருதி. இரண்டேகால் அரைச்சுரத்துக்குச் சற்று அதிகமாகக் கீழே இறங்கிவிடும். வேகத்தை இருமடங்காக்கினால் நீளம் பாதி, சுருதி ஒரு ஸ்தாயி மேலே. பாதியாக்கினால் நீளம் இரட்டை, ஒரு ஸ்தாயி கீழே. நீளமும் சுருதியும் ஒரே கயிற்றின் இரு முனைகள்.

இந்தக் கட்டுப்பாட்டை வைத்துத்தான் ஒரு தலைமுறையே பிழைத்தது. 1987-இல் வந்த ஈ-மு எஸ்பி-1200 என்ற சாம்ப்ளரின் மொத்த நினைவகம் பத்து நொடி ஒலிக்குத்தான் போதும். நியூயார்க் ஹிப் ஹாப் தயாரிப்பாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். 33⅓ சுழற்சியில் ஓட வேண்டிய இசைத்தட்டை 45-இல் ஓடவிட்டுப் பதிவு செய்தார்கள். பின்பு கருவிக்குள் வேகத்தைக் குறைத்தார்கள். 1.35 மடங்கு சேமிப்பு. பத்து நொடியில் பதின்மூன்றரை நொடி அடங்கிவிட்டது. எண்கள் குறைவாக இருந்ததால் ஒலி சற்றுக் கரகரத்தது. அந்தக் கரகரப்பு இப்போது ஒரு ருசி. அதைப் போலி செய்யவே மென்பொருள்கள் விற்கிறார்கள். லண்டன் ஜங்கிள்காரர்கள் எதிர்த்திசையில் போனார்கள். கோல்மனின் நிமிடத்துக்கு 137 பீட் வேகத்தை 160-க்கும் மேலே ஏற்றினார்கள். 160 என்றாலே சுருதி 2.7 அரைச்சுரம் ஏறிவிடும். ஸ்நேர் டிரம் தகரம் மாதிரிக் கணீரென்றது. யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

கயிற்றை அறுக்க முடியாதா? நீளம் மட்டும் மாறி, சுருதி அப்படியே இருக்காதா? முடியும், ஒரு விலை கொடுத்தால். ஹாலோகிராமுக்காகப் பிற்பாடு நோபல் பரிசு பெற்ற டென்னிஸ் காபர் 1946-இலேயே இதற்கு வழி சொன்னார். ஒலியை மிகச் சிறிய துணுக்குகளாகப் பார், ஒவ்வொன்றுக்கும் தன் சுருதி இருக்கும். துணுக்கின் உள்ளே கை வைக்காமல் துணுக்குகளை மட்டும் நெருக்கமாகவோ தள்ளியோ அடுக்கு. நீட்ட வேண்டுமானால் சில துணுக்குகளை இருமுறை ஒலிக்கவிடு. 1966-இல் பெல் ஆய்வகத்தில் ஃபிளானகனும் கோல்டனும் ஃபேஸ் வோகோடர் என்ற முறையை வெளியிட்டார்கள். அது துணுக்குகளை அதிர்வெண்களாகப் பிரித்துக் கட்டங்களைச் சரிசெய்து சேர்க்கும். இன்றைய மென்பொருள்கள் பாட்டை மெதுவாக்குவதெல்லாம் இந்த இரண்டு யோசனைகளின் பேரப்பிள்ளைகளைக் கொண்டுதான்.

விலை எங்கே தெரியுமென்றால் டிரம்மில்தான். குரலிலும் வயலினிலும் ஒரு துணுக்கு அடுத்ததைப் போலவே இருக்கும். இருமுறை வந்தாலும் தெரியாது. டிரம் அடியின் தொடக்கமோ சில மில்லிநொடியில் முடிந்துவிடும் வெடிப்பு. அது விழுந்த துணுக்கு இருமுறை ஒலித்தால் ஒரு ‘த’ இரண்டு ‘தத’ ஆகிவிடும். தப்பினாலும் கூர் மழுங்கி நனைந்த சத்தம் வரும். சோனிக் பையில் இதற்கு ‘பிட்ச் ஸ்ட்ரெட்ச்’ இருக்கிறது. வேகத்தை மாற்றிவிட்டு, விலகிய சுருதியைத் துணுக்கு முறையில் திருப்பி இழுக்கும். துணுக்கின் அளவு, நாமாக மாற்றாவிட்டால், 0.2 நொடி. ஆமென் பாரில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளியே சுமார் 0.11 நொடிதான் என்பதை நினைத்துப் பாருங்கள். தாளத் துண்டுகளுக்கு இதைப் பயன்படுத்துபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். டிரம்மை நீட்டாதீர்கள், வெட்டுங்கள்.

வெட்டுவது எப்படி? பாரை எட்டுத் துண்டாக்கினால் ஒவ்வொன்றும் 0.219 நொடி. இரண்டு நொடி பாரில் ஒவ்வொரு துண்டுக்கும் 0.25 நொடி இடம் இருக்கிறது. துண்டை அசல் வேகத்திலேயே ஒலிக்கவிட்டு, மிச்சம் 31 மில்லிநொடியைக் காலியாக விட்டுவிடலாம். சுருதி அசையாது. டிரம் அடியின் வால் எப்படியும் தேய்ந்துகொண்டிருப்பதால் அந்த வெற்றிடத்தைக் காது பொருட்படுத்தாது. வேகத்தைக் கூட்டும்போது இதற்கு நேர்மாறு: 160 பீட்டில் ஒரு துண்டுக்கு 0.1875 நொடிதான் இடம். துண்டு 32 மில்லிநொடி வழியும், வழிவதை நறுக்க வேண்டும். 1994-இல் சுவீடனின் ப்ரொப்பல்லர்ஹெட் நிறுவனம் ரீசைக்கிள் என்ற மென்பொருளில் செய்ததும் இதே யோசனைதான்.

வெட்டும்போது ஒரு சின்ன அபத்தம் தலைகாட்டும். 77,321-ஐ நான்கால் வகுத்தால் மீதி ஒன்று. ஒரு பீட் என்பது 19,330.25 எண்கள். கால் எண் என்று ஒன்று கோப்பில் கிடையாது. இதனால் கேட்கும்படி எதுவும் கெடுவதில்லை. ஓர் எண்ணின் அகலம் 23 மைக்ரோநொடிதான். கேட்கும்படி கெடுப்பது வேறொன்று. அலை உச்சியில் இருக்கும்போது வெட்டினால் ஒலிபெருக்கியின் கூம்பு ஒரே தாவலில் சுழிக்கு வந்து விழும். ‘டிக்’ என்று ஒரு சத்தம். அதற்காகத்தான் துண்டின் இரு முனையிலும் ஓரிரு மில்லிநொடி ஏற்ற இறக்கம் வைப்பார்கள். ஆனால் டிரம் துண்டின் தொடக்கத்தில் அந்த ஏற்றத்தைத் தாராளமாக வைத்தால் அடியின் கூரே போய்விடும். முன்பக்கம் கஞ்சமாக, பின்பக்கம் தாராளமாக என்பது நடைமுறை.

அலெக்ஸ் மெக்லீன் உருவாக்கிய டைடல்சைக்கிள்ஸ் என்ற மென்பொருள் இதையெல்லாம் எதிர்ப்புறத்திலிருந்து பார்க்கிறது. சோனிக் பையில் நேரத்தை நாம் கூட்டிக்கொண்டே போகிறோம்: ஒலி, காத்திருப்பு, ஒலி, காத்திருப்பு. டைடலில் முதலில் இருப்பது சுற்று. அதற்குள் எத்தனை ஒலி எழுதினாலும் அவை இடத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். நான்கு எழுதினால் கால் கால். ஐந்தாவதைச் சேர்த்தால் எல்லாம் தானாகச் சுருங்கி ஐந்தில் ஒரு பங்காகும். ஆவர்த்தனத்தில் கணக்குப் போட்டுப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். அது தற்செயல் என்றும் சொல்ல முடியாது. டைடலின் எழுத்துமுறை கடன் வாங்கியிருப்பது ‘போல் ப்ராசஸர்’ என்ற பழைய மென்பொருளிடமிருந்து. அது 1980-களில் லக்னோ கரானா தபலாச் சொற்கட்டுகளை ஆராய ஜேம்ஸ் கிப்பனும் பெர்னார்ட் பெல்லும் உருவாக்கியது.

சுற்று முதலில் என்பதால் டைடலில் கேள்வியே திரும்பிக்கொள்கிறது: இந்தச் சாம்பிள் எத்தனை நொடி என்பதற்குப் பதில், எத்தனை சுற்றை நிரப்ப வேண்டும்? ‘லூப் அட்’ என்ற கட்டளைக்கு ஒன்று என்று கொடுத்தால் துண்டை ஒரு சுற்றுக்குள் நிறைத்துவிடும். டைடலின் இயல்பான சுற்று 1.778 நொடி, நிமிடத்துக்கு 135 பீட்டுக்குச் சமம். ஆமென் பார் அதைவிட 24 மில்லிநொடிதான் குட்டை. வேகம் 0.986, சுருதி கால் அரைச்சுரம்கூட இறங்காது. அதே டைடலை உலாவியில் ஓடும்படி ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய ஸ்ட்ரூடலில் இயல்பான சுற்று இரண்டு நொடி. அங்கே அதே கட்டளை அதே துண்டை இரண்டேகால் அரைச்சுரத்துக்கு மேல் இறக்கிவிடும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வரி மாறாமல் நகலெடுப்பவர்கள் ‘இங்கே டிரம் மந்தமாகக் கேட்கிறதே’ என்று விழிப்பது இதனால்தான். மெதுவாக்காமல் நிரப்ப வேண்டுமானால் ‘ஸ்லைஸ்’, ‘சாப்’ போன்ற வெட்டும் கட்டளைகள் இருக்கின்றன. நீண்டு அடுத்ததன்மேல் விழும் சாம்பிள்களை அதனதன் இடத்தோடு நறுக்க டைடலில் ‘லெகாட்டோ’, ஸ்ட்ரூடலில் ‘கிளிப்’.

நீளம் மாறாமலே மாறியதுபோல் ஏமாற்றும் இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, 44,100-இல் பதிவான கோப்பை 48,000-இல் ஓடும் கணினியில் எண்ணுக்கு எண் வாசித்தால் 1.61 நொடியில் முடிந்துவிடும், சுருதி ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடும். சோனிக் பைக்கும் டைடலுக்கும் அடியில் ஒலியை உண்டாக்குவது ஜேம்ஸ் மக்கார்ட்னி 1996-இல் வெளியிட்ட சூப்பர்கொலைடர். அதை நேரடியாக எழுதுபவர்கள் ‘பஃப் ரேட் ஸ்கேல்’ என்ற ஒரு சொல்லை மறந்தால் இது நடக்கும். சோனிக் பை அதை நமக்காக நினைவில் வைத்துக்கொள்கிறது. மற்றது எம்பி3. அது ஒலியை 1,152 எண்கள் கொண்ட சட்டங்களாக மட்டுமே சேமிக்கும். 77,321-க்கு 67 சட்டம் போதாது, 68 வேண்டும். மிச்சம் 1,015 இடங்களில் மௌனம், 23 மில்லிநொடி. போதாக்குறைக்குக் குறியாக்கி முன்பக்கத்திலும் சில நூறு எண்களுக்கு மௌனம் சேர்க்கும். பாட்டுக் கேட்க இது பொருட்டல்ல. லூப்புக்கு இது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விக்கல். சோனிக் பை தன் சாம்பிள்களை எல்லாம், ஓர் எண்கூடக் கூடாமல் குறையாமல் சேமிக்கும் ஃபிளாக் வடிவில் வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது.

கச்சேரியில் நீளம் இன்னொரு விதமாகவும் ஆளுகை செய்யும். சோனிக் பையின் ‘லைவ் லூப்’ ஓடிக்கொண்டிருக்கும்போது நிரலைத் திருத்தி இயக்கினால் மாற்றம் உடனே வராது. நடப்புச் சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கும்போதுதான் வரும். தாளம் அறுந்துபோகாமல் இருக்க வேண்டுமென்றே இப்படிச் செய்திருக்கிறார்கள். ஆமென் லூப்பில் 1.75 நொடி என்பது தெரியாத காத்திருப்பு. ‘லூப் கார்சுல்’ என்ற சாம்பிள் சரியாக எட்டு நொடி. அதற்கு எட்டு நொடி காத்திருக்கும் லூப்பில் ஒரு பிழையைத் திருத்தினால், திருத்தம் காதில் விழ எட்டு நொடி வரை ஆகலாம். அதுவரை கூட்டம் அந்தப் பிழையைக் கேட்டுக்கொண்டே ஆடும். அதனால் பழகியவர்கள் நீண்ட சாம்பிளை ஒரே கட்டளையில் விடுவதில்லை. பதினாறாகப் பிரித்து, லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் அடுத்த துண்டு ஒலிக்கும்படி எழுதுகிறார்கள். கேட்பவருக்கு அதே எட்டு நொடி. எழுதுபவருக்கோ ஒவ்வொரு அரை நொடியிலும் உள்ளே புகுந்து மாற்ற ஒரு கதவு.